மறுபாதி யார் சொல்வது?

மாலை மணி அடித்ததும் மெழுகுதிரி ஏற்றிப் பாடுபட்ட சுரூபத்தின் முன் குடும்பமாகக் கூடும் வீடுகள் புதுச்சேரியில் இன்னும் இருக்கின்றன. உப்பளத்திலோ நெல்லித்தோப்பிலோ அப்படி ஒரு வீட்டில் போய் உட்கார்ந்தால் ஒரே பெயர் மூன்று விதமாகக் காதில் விழும். ஆயா ‘சேசு’ என்பார். அம்மா ‘இயேசு’ என்பார். பேரன் ‘ஜீசஸ்’ என்பான்.

முதல் இரண்டு பெயர்களுக்கும் இடையே சண்டை இல்லை. ஆயா கற்ற மந்திரத்துக்கும் மகள் கற்ற மந்திரத்துக்கும் சொற்கள் மாறியிருந்தாலும் இருவரும் சேர்ந்தே சொல்லிவிடுவார்கள். இழை அறுவது மூன்றாவது பெயரில்தான். செபமாலை ஒருவர் தனியாக ஓதி முடிப்பது அல்ல. ஒருவர் மந்திரத்தின் முதல் பாதியைத் தொடங்க, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். ஐந்து பத்துகளுக்கும் இப்படியே ஐம்பது முறை. ஆயா தொடங்கும்போது பேரனின் உதடு மட்டும் அசைகிறது. அவன் முறை வந்து ஆங்கிலத்தில் தொடங்கினால், மறுபாதியில் ஆயாவின் குரல் நின்றுவிடுகிறது. மணி மட்டும் அவர் விரலில் நகர்கிறது.

இதில் தவறொன்றும் இல்லை என்பதுதான் இன்று ஊரில் நிலவும் கருத்து. “பிள்ளை எந்த மொழியில் படிக்கிறதோ அந்த மொழியிலேயே செபிக்கட்டும்” என்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்து படியிறங்கும் பெற்றோர் சொல்கிறார்கள். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளைச் சமாளிக்கத் திணறும் ஆசிரியர்களும் சொல்கிறார்கள். பள்ளியே வேண்டாம் என்று வீட்டிலேயே கற்பிக்க முடிவெடுத்த கிறிஸ்தவப் பெற்றோர் இதை இன்னும் உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்கள் வாங்கும் பாடநூல்கள் எல்லாமே ஆங்கிலம். இந்தக் கருத்துக்கு நான்கு காரணங்கள் காட்டப்படுகின்றன. தமிழ்ச் செபம் பிள்ளைக்குப் புரியாது. கடவுளுக்கு எல்லா மொழியும் தெரியும். நல்ல நூல்கள் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன. பிள்ளை நாளை பெங்களூருக்கோ பாரிசுக்கோ கனடாவுக்கோ போகப் போகிறது. நான்கையும் நேராக எடுத்துப் பார்த்தால் ஒன்றும் நிற்காது.

முதலில் புரிதல். தமிழ்ச் செபத்தில் வடமொழிச் சொல்லும் பழஞ்சொல்லும் நிறைந்திருக்கின்றன, பிள்ளை எப்படிப் புரிந்துகொள்ளும் என்று கேட்பவர்கள், அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய செபப் புத்தகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அந்தப் புத்தகத்தில் கடவுள் ‘சர்வேசுரன்’. தூய ஆவியார் ‘இஸ்பிரீத்து சாந்து’ என்ற போர்த்துகீசியப் பெயரில் வருவார். மரியாளின் பெருமையைச் சொல்லும் சொல் ‘பிரியதத்தம்’. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் திருவழிபாட்டில் மக்கள் மொழிக்கு வழிவிட்ட பிறகு இவையெல்லாம் மாறின. பிரியதத்தம் அருள் ஆனது. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆனது. பூசை ஏட்டில் திருப்பலி ஆனது, பேச்சில் பூசையாகவே இருக்கிறது. சுவிசேஷம் நற்செய்தி ஆனது. இன்று ஒரு கத்தோலிக்கப் பிள்ளை கற்கும் தமிழ்ச் செபங்களில் வரும் சொற்கள் அருள், நாள், உணவு, மன்னிப்பு, தீமை, வாழ்க. இவற்றில் எது ஐந்து வயதுப் பிள்ளை காதில் விழாத சொல்?

இதே பிள்ளை சொல்லும் ஆங்கிலச் செபத்தைப் பாருங்கள். ஆர்ட், ஹாலோட், தை, ட்ரெஸ்பாசஸ். புதுச்சேரியின் எந்த ஆங்கிலவழிப் பள்ளியிலும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தச் சொற்களைக் கற்பிப்பதில்லை. பள்ளி ஆங்கிலத்தில் ‘யுவர்’ உண்டு, ‘தை’ கிடையாது. ட்ரெஸ்பாஸ் என்ற சொல்லை அந்தப் பிள்ளை பின்னாளில் சந்திப்பதும் ஏதோ ஒரு காலிமனையின் எச்சரிக்கைப் பலகையில்தான். ஆக, தமிழில் புரியாததால் ஆங்கிலத்துக்குப் போகிறோம் என்பது உண்மை நிலவரம் இல்லை. பிள்ளையால் ஆங்கில எழுத்தைப் படிக்க முடிகிறது, தமிழ் எழுத்தைப் படிக்க முடியவில்லை; விஷயம் அவ்வளவுதான். எழுத்துக் கூட்டிப் படிக்க முடிவதை, பொருள் புரிந்துவிட்டது என்று பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள்.

செபத்தைப் பிள்ளை படித்துக் கற்பதில்லை, கேட்டுக் கற்கிறது. ‘பாடுபட்ட சுரூபம் எங்கே?’ என்று கேட்டால் மூன்று வயதுக் குழந்தை சுவரைக் காட்டும். சுரூபம் என்பதன் பொருளை யாரும் அதற்கு விளக்கியதில்லை. புதுச்சேரியின் பெந்தெகொஸ்தே சபைகளின் வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போனால் இது இன்னும் தெளிவாகும். பள்ளியை எட்டிப் பார்க்காத பெண்கள் ‘நீர்’, ‘உம்முடைய’, ‘உம்மைத் துதிக்கிறோம்’ என்று பழைய வேதாகமத் தமிழில் தடையின்றி அரை மணி நேரம் ஜெபிக்கிறார்கள். யாரும் அவர்களுக்கு இலக்கணம் சொல்லித் தரவில்லை. சபையில் கேட்டார்கள், வீட்டில் சொன்னார்கள், சொல் வாயில் தங்கியது. கத்தோலிக்கர் ‘செபம்’ என்றும் அவர்கள் ‘ஜெபம்’ என்றும் எழுதலாம். கற்கும் வழி இருவருக்கும் ஒன்றுதான்.

அந்த ‘நீர்’ என்ற சொல்லிடம் சற்று நிற்க வேண்டும். புதுச்சேரிப் பேச்சில் இன்று யாரும் யாரையும் ‘நீர்’ என்று அழைப்பதில்லை. சமவயதினரை நீ என்கிறார்கள், பெரியவர்களை நீங்கள் என்கிறார்கள். ‘நீ’யின் நெருக்கமும் ‘நீங்கள்’ தரும் மதிப்பும் சேர்ந்த நடுச்சொல் ‘நீர்’. இந்த ஊரில் அது உயிரோடிருப்பது கிறிஸ்தவரின் செபத்தில்தான். கடவுளிடம் எந்தத் தொலைவில் நின்று பேசுவது என்பதைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுப் பழக்கத்தில் இந்த ஒரு சொல்லில் தீர்த்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு அதைத் தராவிட்டால் வேறெங்கிருந்தும் அதற்குக் கிடைக்காது. பிரெஞ்சுக்காரர்களுக்கும் இதே கேள்வி வந்தது. பிரெஞ்சில் கர்த்தர் கற்பித்த செபம் நெடுங்காலம் கடவுளை ‘வூ’ என்று மரியாதையாக அழைத்தது. 1966இல் அதை ‘த்யூ’ என்ற நெருக்கச் சொல்லுக்கு மாற்றினார்கள். 2017 டிசம்பரில் சோதனை பற்றிய வரியையும் திருத்தினார்கள். மொழி முக்கியமே இல்லையென்றால், ஒரு நாட்டின் திருச்சபை ஒரு முன்னிலைச் சொல்லுக்கும் ஒரு வினைச்சொல்லுக்கும் இவ்வளவு மெனக்கெட்டிருக்குமா?

கடவுளுக்கு எல்லா மொழியும் தெரியும் என்ற இரண்டாவது காரணத்துக்கு விடையும் இதில் இருக்கிறது. தெரியும் என்பதில் எந்த விசுவாசிக்கும் ஐயமில்லை. ஆனால் இங்கே கேள்வி கடவுளின் மொழியறிவைப் பற்றியது இல்லை. ஆயாவுக்கு எந்த மொழி தெரியும் என்பதுதான் கேள்வி. குடும்ப செபம் கடவுளிடம் பேசுவது மட்டுமல்ல, ஒருவர் சொல்வதற்கு மற்றவர் ‘ஆமென்’ சொல்வதும்கூட. அடுத்தவர் எதற்கு ஆமென் சொல்கிறார் என்று தெரியாத இடத்தில் நான்கு பேர் நான்கு தனிச் செபம் செய்கிறார்கள்.

செபத்தின் சொற்களை மக்கள் வாய்க்குப் பொருத்துவது தமிழ்க் கிறிஸ்தவத்தின் முதல் நாளிலிருந்து நடந்துவரும் வேலை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி, அடிப்படைச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருவில் நடந்து பிள்ளைகளைச் சேர்த்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் இந்த முறை முழுதும் இருக்கிறது. தாங்கள் கற்றதைத் தாய் தந்தையருக்கும் வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்கும்படி அந்தப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினார் என்று அவரே எழுதுகிறார். தமிழ்க் கத்தோலிக்கரின் முதல் கல்விச்சாலை வீடு. முதல் பாடம் தமிழில் செபம். முதல் ஆசிரியர்கள் சிறுவர்கள்.

அதே ஆண்டில் சவேரியார் தம் தோழர் மன்சிலாசுக்கு ஒரு திருத்தம் அனுப்பினார். விசுவாச மந்திரத்தில் ‘நம்புகிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். ‘கடவுள் எனக்கு வேணும்’ என்று சொல்வதும் ‘கடவுளை விசுவசிக்கிறேன்’ என்று சொல்வதும் ஒன்றல்ல, மாற்றிவிடுங்கள் என்றார். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வெளிநாட்டவர், வெயிலில் கடற்கரை ஊர்களுக்கு இடையே அலைந்துகொண்டிருந்தபோது, ஒரு மீனவப் பிள்ளையின் வாயில் சரியான வினைச்சொல் இருக்க வேண்டும் என்று கவலைப்பட்டார். இன்று தமிழே பேசும் வீட்டில் அந்தக் கவலைக்கு இடமில்லை என்கிறார்கள்.

அச்சில் வந்த முதல் தமிழ் நூலும் செப நூல்தான். 1554இல் லிஸ்பனில் அச்சான அந்தக் கையேட்டில் தமிழ், உரோமன் எழுத்தில் இருந்தது. அப்போது தமிழுக்கு அச்செழுத்து இல்லை. 24 ஆண்டுகள் கழித்து, 1578இல், தமிழர் அண்டிரிக் அடிகளார் என்று அழைத்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். உரோமன் எழுத்திலிருந்து தமிழ் எழுத்துக்கு வர ஒரு தலைமுறை உழைப்பு தேவைப்பட்டது. இன்று புதுநன்மை வகுப்புப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் தமிழ்ச் செபங்கள் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யப்பட்டு வருகின்றன. லிஸ்பனில் 1554இல் வேறு வழி இல்லாமல் செய்ததைப் புதுச்சேரியில் வழி இருந்தும் செய்துகொண்டிருக்கிறோம்.

புதுச்சேரிக்கே இந்த விவாதத்தில் தனிப்பங்கு உண்டு. உரோமையின் தூதராக 1703இல் இங்கே வந்திறங்கிய தூர்னோன், 1704இல் இந்த ஊரில் இருந்துதான் தம் புகழ்பெற்ற ஆணையை வெளியிட்டார். மலபார் சடங்குச் சிக்கல் என்று வரலாற்றில் பேசப்படுவது அதுவே. தாலி, பொட்டு, திருநீறு பற்றியெல்லாம் பேசிய அந்த ஆணை, சொற்களைப் பற்றியும் பேசியது. சிலுவை, புனிதர், திருப்பொருள்கள் ஆகியவற்றின் பெயர்களை இலத்தீனிலிருந்து மாற்றக் கூடாது. அதே பொருளைச் சரியாகத் தரும் சொல் உள்ளூர் மொழியில் இருந்தால் மட்டும் விலக்கு. அந்தச் சிறு விலக்கின் வழியாகத்தான் தமிழ் உள்ளே நின்றது. வீரமாமுனிவர் உபதேசியார்களுக்காக ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். ஊருக்கு ஊர் சாமியார் இல்லாத காலத்தில், ஆண்டுக்கு ஒருமுறை பூசை கண்ட கிராமங்களில், செபத்தைக் காத்தவர்கள் அந்த உபதேசியார்களும் வீட்டுப் பெண்களும்தான். பீடத்தில் இலத்தீன் ஒலித்துக்கொண்டிருந்த முந்நூறு ஆண்டுகளுக்கு மேலான காலத்திலும் அடுப்பங்கரையில் தமிழ் ஒலித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆட்சியின் நடுவிலேயே இந்த வேலை பெரிதாயிற்று. 1840இல் மிஷன் அச்சுக்கூடம் தொடங்கியது. 1844இல் பொன்னான் ஆயர் கூட்டிய புதுச்சேரி மாமன்றம் பள்ளிகளையும் உள்நாட்டுக் குருக்களின் பயிற்சியையும் முன்னே வைத்தது. அதே 1844இல் துப்புயி அடிகள் மாதாவின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கினார்; தமிழ்ப் பெண்கள் கன்னியராகித் தமிழ்ச் சிறுமிகளுக்குக் கற்பிப்பது அதன் பணி. பெண் எழுதப் படிக்கக் கூடாது என்று ஊர் நினைத்த காலம் அது. தேம்பாவணி முதன்முதலாக அச்சேறியதும் (1851–53), தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855இல் வெளிவரத் தொடங்கியதும் இந்த அச்சுக்கூடத்தில்தான். பாரிசிலிருந்து வந்த குருக்கள் பிரெஞ்சுக் கொடி பறந்த ஊரில், கல்லூரிக்கும் உத்தியோகத்துக்கும் பிரெஞ்சே வழி என்றிருந்த ஊரில், தமிழ்ப் பிள்ளையின் செபத்தைப் பிரெஞ்சுக்கு மாற்றிவிடலாம் என்று எண்ணவில்லை.

பிரெஞ்சு படித்தவர்களும் அப்படி எண்ணவில்லை. பிரெஞ்சு அரசின் 1881 ஆணையின்படி தம் தனிச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடும்பப் பெயர் ஏற்றவர்களில் கிறிஸ்தவர்கள் நிறைய உண்டு. சைகோனில் உத்தியோகம் பார்த்தவர்களும், ஊரார் ‘சொல்தா’ என்று அழைத்த ஓய்வூதியப் படைவீரர்களும் அந்தக் குடும்பங்களிலிருந்து வந்தார்கள். அலுவலகத்தில் பிரெஞ்சு, கடிதத்தில் பிரெஞ்சு, வீட்டில் செபமாலை தமிழில். உத்தியோக மொழிக்கும் செப மொழிக்கும் நடுவே அவர்கள் ஒரு வாசற்படியை வைத்திருந்தார்கள். இன்றைக்கு 2023-24 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்ட ஊரில், அந்த வாசற்படி முன்னைவிட அதிகம் தேவைப்படுகிறது.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி நியாயமானது. தமிழில் செபித்த அந்தப் பழைய சமூகம் அவ்வளவு உத்தமமானதா? இல்லை. 1745இல் புதுச்சேரியின் சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் கிறிஸ்தவர்களையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றியும், அது இடிக்கப்பட்டதால் எழுந்த கலவரத்தைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். சுவரின் இரு பக்கமும் ஒரே தமிழ் மந்திரம்தான் ஒலித்தது. ஒரே மொழியில் செபிப்பதால் மட்டும் மனிதர் ஒன்றாகிவிட மாட்டார்கள். இதை மறைத்துவிட்டுத் தமிழ்ச் செபத்தைப் புகழ்வது பொய்யாகும். ஆனால் அந்தச் சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர்களிடம் புத்தகமும் இல்லை, இருக்கையும் இல்லை. மனப்பாடமாக இருந்த மந்திரத்தை மட்டும் எவராலும் பிடுங்க முடியவில்லை. அந்தச் சுவரிலிருந்து பாடம் கற்க வேண்டுமானால், இன்று எழும் புதுச் சுவரையும் பார்க்க வேண்டும். ஆங்கிலப் பூசைக்குப் போவோர் ஒரு வகுப்பு, தமிழ்ப் பூசைக்குப் போவோர் வேறொரு வகுப்பு என்ற பிரிவு இந்த ஊரில் வளர்ந்துவருகிறது. பிள்ளைக்கு ஆங்கிலச் செபம் கற்பிக்கும் பெற்றோரில் பலரைத் தூண்டுவது புரிதலைப் பற்றிய கவலை இல்லை, மதிப்பைப் பற்றிய ஆசை. விருந்தினர் முன் பிள்ளை ஆங்கிலத்தில் செபித்தால் பெருமையாக இருக்கிறது. அந்தப் பெருமைக்கு விலை கொடுப்பவர் ஆயா.

மூன்றாவது காரணம் நூல்கள். வீட்டுக் கல்விப் பெற்றோரின் கவலை இது, அக்கறையோடு கேட்க வேண்டியதும்கூட. பள்ளியின் வேகமும் மதிப்பெண் வெறியும் பிள்ளையை நசுக்குகின்றன, விசுவாசத்தில் வளர்க்க நேரமே இல்லை என்று எண்ணி, தம் வேலையைக் குறைத்துக்கொண்டு வீட்டிலேயே கற்பிக்கிறவர்கள் அவர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அத்தகைய பெற்றோருக்குத் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பிள்ளை தேர்வெழுதவும் முடியும். அவர்கள் நாடும் கிறிஸ்தவப் பாடத்திட்டங்களில் முக்கியமானவை அமெரிக்காவிலிருந்து வருகின்றன. டெக்சசில் 1970இல் தொடங்கிய ஏ.சி.இ., புளோரிடாவின் பென்சகோலாவில் உருவான அபெக்கா போன்றவை அவை. கணக்கிலும் அறிவியலிலும் அவற்றின் தகுதி பற்றி இங்கே வழக்கில்லை. வழக்கு, பாடநூலோடு சேர்ந்து செபமும் பெட்டியில் வந்து இறங்குவதைப் பற்றியது.

அந்த நூல்களை எழுதியவர்கள் தங்கள் வீட்டு மொழியில் எழுதினார்கள். டெக்சஸ் வீட்டில் பாட்டியும் ஆங்கிலம்தான் பேசுகிறார், அம்மாவும் ஆங்கிலம்தான் பேசுகிறார், எனவே பிள்ளையும் ஆங்கிலத்தில் செபிக்கிறது. வீடே முதற்பள்ளி, பெற்றோரே முதல் ஆசிரியர் என்பது அந்த இயக்கத்தின் அடிப்படை. கத்தோலிக்கத் திருச்சபையும் இதையே சொல்கிறது: இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1964ஆம் ஆண்டு ஏடு குடும்பத்தை இல்லத் திருச்சபை என்கிறது, 1965இன் கல்வி பற்றிய ஏடு பெற்றோரை முதன்மைக் கல்வியாளர் என்கிறது. அப்படியானால் உப்பளத்து வீட்டில் அந்த அடிப்படையைக் கடைப்பிடிப்பது எப்படி? அந்த வீட்டின் மொழியில் செபிப்பதுதான். பெட்டியில் வந்த மொழியில் செபித்தால் அமெரிக்கப் பெற்றோரின் விளைவை எடுத்துக்கொண்டு அவர்களின் கொள்கையை விட்டுவிட்டதாகும். பள்ளியிடமிருந்து பிள்ளையை மீட்டு வந்த பெற்றோர், பள்ளியின் மொழியிடம் வீட்டின் கடைசி அரைமணி நேரத்தையும் ஒப்படைக்கிறார்கள்.

தமிழில் நூல் இல்லை என்பதும் சரியில்லை. புதுச்சேரியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சத்தில், திண்டிவனத்து விவிலிய நடுநிலையம் 1995இல் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உழைத்த தமிழ் அது. இந்த மறைமாவட்டத்தின் கல்லேரி கிராமத்தில் பிறந்த அமலோர்பவதாஸ் அடிகள் (1932–1990), 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய மறைக்கல்வி வழிபாட்டு நடுநிலையத்தைத் தொடங்கி, வழிபாடு அந்தந்த மண்ணின் மொழியிலும் பண்பாட்டிலும் வேரூன்ற வேண்டும் என்பதற்காக வாழ்நாள் முழுதும் உழைத்தார். அவர் பிறந்த மண்ணிலேயே தமிழ்ச் செபம் பழையது, கடினமானது, பயனற்றது என்று பேசுவது வருத்தத்துக்குரியது. நூல் இருக்கிறது. வீட்டுக் கல்வி அட்டவணையில் அதற்கு இடம்தான் இல்லை.

நான்காவது காரணம் வெளிநாடு. பிள்ளை நாளை போய்விடும், ஆங்கிலச் செபம்தான் கைகொடுக்கும் என்கிறார்கள். போனவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். ஜெர்மனியின் கேவலார் மாதா திருத்தலத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஈழத்தமிழர் திரள்கிறார்கள். மடு மாதாவை விட்டு வந்தவர்கள் அங்கே தமிழில் பூசை காண்கிறார்கள், தமிழில் பாடுகிறார்கள். அவர்களின் பிள்ளைகள் பள்ளியில் ஜெர்மனும் டச்சும் பிரெஞ்சும் படிப்பவர்கள். வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையைக் கூட்டிச் செல்லும் அந்தப் பெற்றோர், ஊரை இழந்த பிறகு செபத்தின் மொழியையும் இழக்கக் கூடாது என்று அறிந்தவர்கள். ஊரை இழக்காத புதுச்சேரிப் பெற்றோர் அதை முன்கூட்டியே இழந்து வைக்கிறார்கள். போகிற இடத்தின் செபத்தைப் பிள்ளை போன பிறகு மூன்று வாரத்தில் கற்றுக்கொள்ளும். விட்டு வந்த வீட்டின் செபத்தை அங்கே கற்க முடியாது.

இந்த வாதம் எல்லா வீட்டுக்கும் தமிழைத் திணிக்கவில்லை. பாரிசில் பிறந்து வளர்ந்து விடுமுறைக்கு வரும் பிள்ளையின் வீட்டு மொழி பிரெஞ்சாக இருந்தால் அது பிரெஞ்சிலேயே செபிக்கட்டும். அப்பா கேரளம், அம்மா கோவா என்று ஆங்கிலமே பொதுமொழியான வீட்டில் ஆங்கிலமே சரி. கேட்கப்படுவது ஒன்றே ஒன்று: சாப்பாட்டுக்கு அழைக்கும் மொழியிலேயே செபத்துக்கும் அழையுங்கள். ‘சாப்பிட வாடா கண்ணு’ என்று தமிழில் கூப்பிட்டுவிட்டு, தட்டின் முன் உட்கார்ந்ததும் ஆங்கிலத்தில் நன்றி சொல்லச் சொல்வதுதான் விந்தை.

தமிழ்ச் செபத்தின் காவலர்கள் என்று நிற்பவர்களிடமும் ஒரு குறை உண்டு. பழைய மந்திரத்தின் ஒரு சொல் மாறினாலும் பக்தி போய்விட்டது என்று சண்டை பிடிக்கும் பெரியவர்களும், பிள்ளை ‘விண்ணகம்’ என்பதைக் குழறினால் வகுப்பிலேயே திட்டும் மறைக்கல்வி ஆசிரியர்களும் பிள்ளைகளை ஆங்கிலத்தின் பக்கம் தள்ளியவர்களில் அடங்குவார்கள். ‘வேணும்’ என்ற பிழையான சொல்லோடு விசுவாச மந்திரம் சொன்ன மீனவர்களைச் சவேரியார் திட்டவில்லை. சொல்லைத் திருத்தினார்.

என்ன செய்யலாம் என்பதும் பெரிய விஷயமில்லை. 2011 கணக்குப்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் கிறிஸ்தவர் 78,550 பேர், மக்கள்தொகையில் 6.29 விழுக்காடு. இவ்வளவு சிறிய சமூகத்தில் பங்குக்குப் பங்கு ஒரு முடிவு போதும். புதுநன்மை வகுப்புக்குத் தமிழ் எழுத்தில், பெரிய எழுத்தில், பத்துப் பக்கச் செபப் புத்தகம் அச்சிடலாம். தமிழ் எழுத்தே தெரியாத பிள்ளைக்கு ஆங்கில எழுத்துத் தாளைத் தருவதற்குப் பதில், ஆயாவின் குரலைக் கைபேசியில் பதிவுசெய்து தரலாம். வீட்டுக் கல்வி நடத்தும் பெற்றோர் காலைப் பாடத்தை எந்த மொழியில் தொடங்கினாலும், மாலைச் செபத்தைத் தமிழில் வைக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை, தேர்வு இல்லை, டெக்சசிலிருந்து எதுவும் தருவிக்க வேண்டியதில்லை.

அக்டோபர் செபமாலை மாதம். மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும், வீதியே ஒரு வீட்டு முற்றத்தில் கூடும். முதல் பத்தைத் தொடங்கும் பொறுப்பை வழக்கமாகப் பெரியவர் ஒருவருக்குத் தருவார்கள். இந்த ஆண்டு அதை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் தமிழில் தரட்டும். இரண்டு சொல் தடுமாறலாம், மணி தவறலாம். முதல் பாதியை அது சொல்லி முடித்ததும், பின்வரிசை நாற்காலியிலிருந்து ஆயா மறுபாதியைத் தொடங்கிவிடுவார்.